கொழும்பு வேலையை விட்டு ஊரில் கடை போடுவது: நீங்கள் எதற்காக இறங்கினீர்கள்?

பத்தனைப் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். ஓ.எல். பரீட்சை முடித்த கையோடு கொழும்புக்குப் போனவன் நான். இப்போது பஞ்சிகாவத்தையில் ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். சம்பளம் மோசமில்லை. சாப்பாடும் தங்குமிடமும் கடையிலேயே. ஆனால் மலையகத்தில் என் ஊரான பத்தனைக்கு வந்து த்ரீவீலர், பைக் சாமான் விற்கும் சின்னக் கடை ஒன்று போட வேண்டும் என்ற யோசனை என்னை விடுவதாக இல்லை.

எப்படிப் போடுவது என்பதைப் பிறகு கேட்கிறேன். இப்போது தெரிய வேண்டியது வேறு. ஏற்கனவே சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள் உண்மையில் என்ன காரணத்துக்காக இறங்கினீர்கள்? கூட்டாளிமாரைக் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம். அது மட்டும்தான் காரணம் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. என் முதலாளி நல்ல மனிதர், அவரை விட்டு ஓட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அப்படியிருந்தும் ஏன் இந்த ஆசை?

அம்மா இன்னும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். "மாசம் முடிஞ்சா காசு வருது, அதைக் கெடுத்துக்காத" என்கிறார்.


ஊவாத் தையல்:

தம்பி, என் காரணத்தைச் சொல்கிறேன். பிள்ளை.

கல்யாணத்துக்கு முன்னால் கட்டுநாயக்கவில் கார்மண்டில், ஆடைத் தொழிற்சாலையில் இருந்தேன். பிறகு பண்டாரவளைப் பக்கம் வந்து, கையில் இருந்த ஒரே தொழிலான தையலை வீட்டிலேயே ஆரம்பித்தேன். பொங்கல், தீபாவளி, தோட்டத்துத் திருவிழா, இந்த மூன்றுக்கும் முந்திய வாரங்களில் தூக்கமே கிடையாது. பிளவுஸ் துணி மலைபோல் குவியும். ஆனால் மகளுக்குக் காய்ச்சல் என்றால் மெஷினை மூடிவிட்டு எழும்பலாம். கார்மண்டில் அரை நாள் லீவுக்கு சூப்பவைசரிடம் போய் நின்று, அழுது, காரணத்தை நிரூபித்து, அதன் பிறகும் சம்பளத்தில் வெட்டு விழும்.

வருமானத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓவர்டைம் சேர்த்து அங்கே எடுத்ததைவிட இங்கே குறைவு. பண்டிகை இல்லாத மாதங்களில் நிறையவே குறைவு. இருந்தாலும் திரும்பிப் போக மாட்டேன். பெண்கள் தொழில் தொடங்கினால் "வீட்டுக்காரருக்கு உதவியாக" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது உதவி வேலை இல்லை. என் நேரத்தை நானே பிரித்துக்கொள்வதற்கு எனக்குக் கிடைத்த ஒரே வழி.


ராகலை மேட்டுநிலம்:

எனக்கு ஆசை என்று எதுவும் இருக்கவில்லை. தோட்டத்தில் வேலை நாள் குறைந்துகொண்டே வந்தது. வாரத்தில் மூன்று நாள், சில வாரம் இரண்டு. வீட்டில் ஐந்து பேர். குத்தகைக்கு ஒரு துண்டு நிலம் எடுத்து லீக்ஸும் கரட்டும் போட்டேன். இதைத் தொழில்முனைவு என்று சொன்னால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும். வேறு வழி இல்லாமல் வந்தது.

கைகட்டி நிற்க வேண்டாம் என்ற கதை மரக்கறியில் இல்லை, தம்பி. விதைக்கும் உரத்துக்கும் கடைக்காரரிடம் கடன். லொறிக்காரர் சொல்லும் நேரத்துக்கு மூட்டை கட்ட வேண்டும். விலையைத் தீர்மானிப்பவர்கள் நுவரெலியாவிலும் தம்புள்ளையிலும் பொருளாதார மத்திய நிலையம் என்ற மொத்தச் சந்தையில் இருக்கிறார்கள், அவர்கள் முகத்தையே நான் பார்த்ததில்லை. 2021இல் இரசாயன உரத்தை ஒரே அடியாக நிறுத்தினார்கள். அடுத்த வருடம் டீசல் இல்லை. வயலில் விளைந்தது வயலிலேயே அழுகியதைப் பார்த்தவன் நான்.

ஆனால் மறுபடி பெரட்டுக்கு, காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போவாயா என்று கேட்டால் போக மாட்டேன். விலை விழுந்தால் அடுத்த போகத்துக்கு என்ன போடுவது என்று நானும் மனைவியும் இரவில் உட்கார்ந்து பேசுகிறோம். சில நேரம் சண்டையும் வரும். தோட்டத்தில் அப்படிப் பேச எதுவும் இருக்கவில்லை. நாளைக்கு எந்த மலை, என்ன வேலை என்பதையே காலையில்தான் சொல்வார்கள்.


மஸ்கெலியா வாசகி:

யாரும் சொல்லாத ஒரு காரணத்தை நான் சொல்கிறேன். மரியாதை.

என் பெரியப்பா மகன் நல்லதண்ணியில் சீசன் கடை போடுகிறார். டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் வருகிற காலம் மட்டும்தான் வியாபாரம். குளிர் தொப்பி, தேத்தண்ணி, ரொட்டி. மீதி மாதங்களில் கிடைக்கிற கூலி வேலை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆனால் மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று தகப்பனாரின் தொழில் என்ற இடத்தில் "வியாபாரம்" என்று எழுதினார். வீட்டுக்கு வந்து அதை எல்லோரிடமும் சொன்னார்.

எனக்கு அந்தச் சந்தோஷம் புரிகிறது. டவுனில் பஸ்ஸில் "தோட்டக்காட்டான்" என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது புரியும். ஆனால் கோபமும் வருகிறது. ஒரு கொழுந்தும் சிதையாமல் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகச் சரிவில் நின்று நாள் முழுவதும் எடுப்பது எவ்வளவு பெரிய கைத்திறன். இந்த நாட்டுக்கு டொலர் கொண்டுவந்த வேலை. அந்த வேலையின் பெயரை எழுத வெட்கப்பட வேண்டிய நிலைமையை உண்டாக்கியவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். எங்கள் பிள்ளைகள் அந்த வெட்கத்திலிருந்து தப்புவதற்காகவே கடன் வாங்கிக் கடை போடுகிறார்கள் என்றால், அந்தக் கடன் யார் கணக்கில் எழுதப்பட வேண்டியது?


கணக்கு மாஸ்டர்:

மஸ்கெலியா மகளே, நீங்கள் சொன்னதைத் தொட்டே ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற ஊர்களில் ஒருவர் தொழில் தொடங்கும்போது வேலையை மட்டும்தான் விடுகிறார். எங்கள் தாத்தாமார் காலத்தில் வேலையை விட்டால் வீடும் போகும். லயம், அதாவது நாங்கள் இருந்த வரிசை வீடு, தோட்டத்தினுடையது. அரிசி தோட்டம் கொடுத்தது, சம்பளத்தில் கழித்தது. 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு மலையகத் தமிழரான எங்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் யார் அந்தப் பக்கம், யார் இந்தப் பக்கம் என்று எண்ணிக்கை போட்டுப் பிரித்தார்கள். 2003இல் வந்த சட்டத்தோடுதான் அந்தப் பிரச்சினை ஒரு முடிவுக்கு வந்தது. குடியுரிமை இல்லாதவருக்கு அரச காணியும் வங்கிக் கடனும் எட்டாத விஷயங்கள். ஆகவே எங்கள் ஆட்களுக்குத் தொழில் புத்தி இல்லை என்று யாராவது சொன்னால் நான் அதை ஏற்க மாட்டேன். இந்த மலையில் எங்கள் வயது 200 வருடம். அதில் சட்டப்படி எல்லோரும் கடை போடக்கூடிய காலம் என்று பார்த்தால் ஒரு தலைமுறைகூடச் சரியாக இல்லை.

இன்றைக்கும் லயத்து அறைக்குக் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. 7 பேர்ச் காணித்துண்டில் தனிவீடு கிடைத்தவர்களில்கூட எல்லோர் கையிலும் உறுதி இல்லை. உறுதி இல்லாவிட்டால் வங்கியில் பிணை வைக்க ஒன்றும் இல்லை. மிஞ்சுவது நகை அடகு, சீட்டு, வாரா வாரம் கட்டும் குழுக் கடன். அதனால்தான் எங்கள் பக்கத்துத் தொழில்கள் எல்லாம் சின்னதாகவே தொடங்கிச் சின்னதாகவே நிற்கின்றன.

சம்பளமும் ஒரு காரணம். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு எத்தனை வருடம் கத்தினோம். அது 2021 மார்ச்சில்தான் வந்தது. 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350. பிறகு 2026 வரவு செலவுத் திட்டத்தில், வருகைக்கு அரசாங்கம் கொடுக்கும் 200ஐயும் சேர்த்து 1,750 என்று அறிவித்தார்கள். 2022இல் விலைவாசி எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு தாய் எவ்வளவு கெட்டிக்காரியாக எடுத்தாலும் அவள் சம்பளத்தை கொழும்பில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடிக்கிறார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, என் கெட்டித்தனத்துக்கு ஏற்ற விலையை நானே போட வேண்டும் என்று தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பத்தனைத் தம்பி, உன் ஆசை எங்கிருந்து வருகிறது என்று கேட்டாயே, அதில் ஒரு பங்கு இங்கிருந்து வரலாம்.


பத்தனைப் பையன்:

மாஸ்டர், கடைசி வரியைப் பல தடவை வாசித்தேன். அம்மாவின் கொழுந்து நிறுக்கும்போது தராசையே பார்த்துக்கொண்டு நிற்பேன், சின்ன வயதில். கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறதுதான்.

ஆனால் ராகலை அண்ணன் சொன்னது போல வேறு வழி இல்லாமல் வரவேண்டிய நிலைமை எனக்கு இல்லையே. எனக்கு வேலை இருக்கிறது. வேலை இருக்கும்போது விட்டுவிட்டு வருவது சரியா?


கணக்கு மாஸ்டர்:

இதைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் அந்த இரண்டு வகையையும் பிரித்துத்தான் பார்க்கிறார்கள். தேவை தள்ளி இறங்குகிறவர்கள் ஒரு வகை, வாய்ப்பைக் கண்டு இறங்குகிறவர்கள் இன்னொரு வகை. நம் நாட்டிலேயே நடந்த ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. டி மெல், மெக்கென்சி, வுட்ரஃப் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2005 தொடக்கம் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் செய்தது. சின்னத் தொழில் செய்கிறவர்களில் குலுக்கல் முறையில் சிலரைத் தெரிவு செய்து, 10,000 அல்லது 20,000 ரூபா, பணமாகவோ பொருளாகவோ இலவசமாகக் கொடுத்தார்கள். அந்த முதலீடு மாதத்துக்கு ஏறத்தாழ 5 வீதம் இலாபம் கொடுத்தது. வங்கி வட்டியைவிட எவ்வளவோ அதிகம். அப்படியானால் அவர்களுக்குக் குறைவாக இருந்தது முதலீடுதான், திறமை அல்ல.

ஆனால் அந்த உயர்வு ஆண்களின் தொழில்களில்தான். பெண்களின் தொழில்களில் சராசரியாக இலாபம் கூடவே இல்லை. இன்னொன்றும் கண்டார்கள். தனி ஆளாகத் தொழில் செய்கிறவர்களில் மூன்றில் இரண்டு முதல் நான்கில் மூன்று பங்கினர் குணத்திலும் பின்னணியிலும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களைப் போன்றவர்கள், ஆட்களை வைத்துத் தொழிலைப் பெருப்பிக்கிற முதலாளிமாரைப் போன்றவர்கள் இல்லை. நல்ல வேலை கிடைத்தால் அவர்களில் பலர் அதற்கே போய்விடுவார்கள் என்றுதான் நான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் ஹமில்டன் என்பவர் 2000இல் வெளியிட்ட ஆய்வும் உண்டு. பத்து வருடம் சொந்தத் தொழிலில் இருந்தவர்களின் இடைநிலை வருமானம், அதே காலம் சம்பள வேலையில் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட 35 வீதம் குறைவு. அப்படியும் அவர்கள் தொழிலை விடவில்லை. தையல் மகள் மேலே சொன்னது அந்தப் புள்ளிவிபரத்துக்கு உயிர் கொடுத்த மாதிரி இருக்கிறது.

இனி உன் கணக்கு. எண்களை உதாரணத்துக்கு வைக்கிறேன், உன்னுடையதைப் போட்டுக்கொள். கொழும்பில் சம்பளம் 60,000. சாப்பாடு, தங்குமிடத்துக்கு 15,000 பெறுமதி. ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) முதலாளி கட்டும் 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், அது 9,000. ஆக உன் வேலையின் உண்மையான பெறுமதி 84,000. கடை போட்டு எல்லாச் செலவும் போக 80,000 மிஞ்சினால் நீ இலாபத்தில் இருப்பதாக ஊர் சொல்லும். கணக்கு சொல்வது, மாதம் 4,000 நட்டம். நீ போட்ட முதலீட்டை வங்கியில் வைத்திருந்தால் வந்திருக்கும் வட்டி அதற்கு மேலே.

தொழில் வேண்டாம் என்று சொல்வதற்காக இதைப் போடவில்லை. தையல் மகள் அந்த வித்தியாசத்தைக் கொடுத்துப் பிள்ளையோடு இருக்கும் நேரத்தை வாங்கினாள், அது அவளுக்குத் தெரியும். நீ எதை வாங்கப் போகிறாய்?


ஊவாத் தையல்:

> பெண்களின் தொழில்களில் சராசரியாக இலாபம் கூடவே இல்லை.

மாஸ்டர், இதற்குக் காரணம் எங்களுக்குத் தெரியும். என் கையில் 20,000 வந்தால் அது நூலும் லைனிங் துணியுமாக மாறுவதற்கு முன்னால் வீட்டில் நாலு பேருக்கு அது தெரிந்துவிடும். மாமாவுக்கு மருந்து, கொழுந்தனுக்கு லீசிங் தவணை. தர மாட்டேன் என்று சொல்ல முடியாது. இப்போது நான் காசு கையில் வந்த அன்றே துணியாக வாங்கிவிடுகிறேன், துணியை யாரும் கடன் கேட்பதில்லை. அப்புறம், பெண்களுக்கு எட்டும் தொழில்களே நாலைந்துதான். தையல், பலகாரம், கோழி, அழகு நிலையம். ஒரே லயத்தில் மூன்று பேர் தைத்தால் பிளவுஸ் விலை எப்படி ஏறும்?


தலவாக்கலை கராஜ்:

நான் மெக்கானிக். சொந்த கராஜ். நான் இறங்கிய காரணம் தம்பிக்குக் கிட்டத்தட்ட பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

நான் வேலை பழகிய இடத்தில் பாஸ் மிக நல்லவர். எல்லாம் சொல்லிக் கொடுத்தார். ஒரு கட்டத்துக்கு மேல் அங்கே எனக்குக் கற்க ஒன்றும் இல்லை, கராஜும் வளரவில்லை. வாடிக்கையாளர்கள் என்னைப் பெயர் சொல்லித் தேட ஆரம்பித்தார்கள். அவர் வயிற்றில் அடிக்கக் கூடாது என்று அவரிடமே போய்ச் சொன்னேன். வேறு டவுனில் போடு, நான் ஆளனுப்புகிறேன் என்றார். இன்றைக்கும் அவருக்குச் சரிவராத எஞ்சின் வேலை எனக்கு வருகிறது. கோபத்தில் வந்தவர்களையும் எனக்குத் தெரியும். முதலாளியோடு சண்டை பிடித்து எதிரிலேயே கடை போட்டவர்கள். கோபம் ஒரு வருடத்தில் ஆறிவிடுகிறது, வாடகை ஆறுவதில்லை.

எங்கள் பக்கத்தில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடையைக் கொல்வது போட்டி இல்லை. கடன் கொப்பி. எல்லோரும் பத்தாம் திகதி சம்பளத்துக்குத் தருகிறேன் என்பார்கள். அவர்கள் ஏமாற்றுகிறவர்கள் இல்லை, உண்மையாகவே அன்றைக்குத்தான் காசு வரும். அதுவும் அரிசிக் கடைக்கும் அடகுக் கடைக்கும் போன பிறகுதான் உனக்கு. சொந்தக்காரர்களுக்கு வேறு கொப்பி வேண்டும். சாமான் வாங்குகிற நீ பஞ்சிகாவத்தையில் கைக்காசுக்கு வாங்க வேண்டும். அந்த இடைவெளியைத் தாங்க எவ்வளவு வைத்திருக்கிறாய்?


பத்தனைப் பையன்:

உங்கள் கேள்விகளுக்குப் பதில் தேடும்போது எனக்கே ஒன்று புரிந்தது. எழுதிப் பார்க்கிறேன்.

கொஞ்சக் காலமாக ஊர் ஓட்டோக்காரர்கள் எனக்குக் கோல் எடுக்கிறார்கள். தம்பி, டூ ஸ்ட்ரோக்குக்கு கிளச் பிளேட் ஒரு செட் அனுப்பு. பிரேக் ஷூ அனுப்பு. நான் கடையில் வாங்கி ஹட்டன் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து விடுகிறேன். காசு பிறகு வருகிறது, இதுவரை ஒருவரும் தராமல் விட்டதில்லை. கொழும்பில் ஓடும் த்ரீவீலருக்கும் எங்கள் ஊரில் ஓடுவதற்கும் தேயும் சாமான் வேறு. மலையில் பிரேக்கும் கிளச்சும்தான் முதலில் போகும், முன் சக்கர பெயாரிங்கும் அப்படித்தான். பஞ்சிகாவத்தையில் அதை யோசித்து யாரும் ஸ்டொக் எடுப்பதில்லை. நான் யோசிக்கிறேன். கவுண்டரில் நிற்கும்போது கை இங்கே இருக்கிறது, எண்ணம் பத்தனைச் சந்தியில் ஸ்டாண்டில் நிற்கும் ஓட்டோக்களில் இருக்கிறது.

ஆகவே மாஸ்டர், நான் எதை வாங்கப் போகிறேன் என்றால், எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை அது தேவைப்படும் இடத்தில் வைத்துச் செய்வதை. முதலாளியின் கடையில் அதற்கு இடமில்லை, அது அவருடைய பிழையும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் கொஞ்சக் காலத்தில் ஓய்வு. நேற்று கோலில் பேசும்போது, "நீ செய்யிறதா இருந்தா என் ஈ.பி.எப். காசை எடுத்துக்க" என்றார். வேண்டாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான்.


ஊவாத் தையல்:

தம்பி, அந்தக் காசைத் தொடாதே. எவ்வளவு ஆசையாகக் கொடுத்தாலும் தொடாதே. உன் கடை ஓடாவிட்டால் நீ திரும்பக் கொழும்புக்குப் போகலாம். அம்மா திரும்ப மலைக்குப் போக முடியாது.


ராகலை மேட்டுநிலம்:

தங்கச்சி சொன்னதையே நானும் சொல்கிறேன். என் தகப்பனாரின் பணிக்கொடைக் காசு ஒரு மழையில் போனது. லீக்ஸ் திரும்ப முளைத்தது, அந்தக் காசு வரவில்லை.


மஸ்கெலியா வாசகி:

தம்பி எழுதியதில் எனக்குப் பிடித்தது, வெட்கத்திலிருந்து தப்பவோ கோபத்தைக் காட்டவோ என்று அதில் ஒன்றும் இல்லை. பிரேக் ஷூவைப் பற்றி ஒருவர் இவ்வளவு அக்கறையாக எழுதி நான் வாசித்ததில்லை.


கணக்கு மாஸ்டர்:

சரி. அப்படியானால் வேலையை உடனே விடத் தேவையில்லை. பஸ்ஸில் அனுப்புவதையே ஒழுங்காகச் செய். யார் கேட்டார், என்ன சாமான், எத்தனை நாளில் காசு வந்தது, ஒரு கொப்பியில் எழுது. கராஜ் தம்பி கேட்ட இடைவெளிக்கான பதில் அந்தக் கொப்பியில் தானாக வந்துவிடும். உன் முதலாளியிடமும் மறைக்காதே. மொத்த விலைக்கு உனக்குச் சாமான் தரப்போகிறவர் நாளைக்கு அவராகவே இருக்கலாம்.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும், கடை வைக்கும் இடத்துக்கான வாடகை ஒப்பந்தமும் கேட்பார்கள். கடை திறந்தால் பிரதேச சபையிலும் போய்க் கேட்டுக்கொள், உரிமமோ வரியோ இருக்கும். பதிவு இல்லாமல் வியாபாரப் பெயரில் வங்கியில் நடைமுறைக் கணக்கு திறக்க முடியாது. சொந்தத் தொழில் செய்கிறவருக்குச் சேமலாப நிதி இல்லை, ஆனால் நம்பிக்கை நிதியில் தானாகவே பணம் கட்டிச் சேரலாம். அதை முதல் மாதமே தொடங்கு.


தலவாக்கலை கராஜ்:

என் கராஜுக்கு மாதம் போகும் பிரேக் ஷூ, கிளச் பிளேட், கேபிள் விபரத்தைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். இப்போது ஹட்டனில் வாங்கும் விலையும் அதில் இருக்கும். அதைவிடக் குறைத்துத் தர முடியுமா என்று பார்த்துச் சொல், தம்பி. என்னிடம் கொப்பி வேண்டாம், நான் கைக்காசுக்கு எடுக்கிறேன்.


பத்தனைச் சந்தி ஸ்டாண்ட்:

நான் இழையை இன்றைக்குத்தான் பார்த்தேன். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு முன் சக்கர பெயாரிங் இரண்டு செட், கிளச் கேபிள் மூன்று. இரவு பஸ்ஸில் போட முடியுமா? விடியற்காலையில் நானே வந்து எடுக்கிறேன்.